காத்திருக்கச் சொன்னால் கோபப்படும் குரல்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். எழுதலாமா என்று ஜெபித்தேன், 'எழுது' என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தால் 'வேண்டாம்' என்று தோன்றியது. என் பிரச்சினையே இதுதான், அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வயது 38. கணவர், 11 வயதில் ஒரு மகள். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள்தான், ஆனால் 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று எதற்கெடுத்தாலும் சொல்கிற ரகம் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று 'அம்மாவுக்குப் போன் போடு' என்று உள்ளே ஒன்று சொன்னது. காதில் விழவில்லை, ஆனால் என் யோசனை மாதிரியும் இல்லை. எழுந்து வெளியே வந்து போட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை போட்டும் எடுக்காததால் பக்கத்து வீட்டு அம்மாவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சபையில் சாட்சி சொன்னேன். அன்றிலிருந்து எல்லோரும் என்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். ஆவியானவருடைய சத்தத்தைக் கேட்கிறவள் என்றார்கள். தங்கள் வீட்டுக் காரியங்களுக்கு ஜெபித்துச் சொல்லச் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

போன வருடம் நடந்ததுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி, வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தாள். ஒரு ராத்திரி படுக்கப் போகும்போது 'அவளிடம் பேசு' என்று தோன்றியது. போனில் 4 சதவீதம் சார்ஜ்தான் இருந்தது, எனக்கும் அசதி. நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டேன். மறுநாள் மறந்தே போனது. அதற்கு அடுத்த நாள் மாரடைப்பில் இறந்துவிட்டாள். 41 வயது. பேசியிருந்தால் 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்லியிருப்பாள், ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொல்லியிருப்பேன். ஆண்டவர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார், நான் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எந்த எண்ணத்தையும் என்னால் தள்ள முடியவில்லை அக்கா. பாதி வழி போன பிறகு 'திரும்பிப் போய் அடுப்பைப் பார்' என்று வரும், போய்ப் பார்ப்பேன், அணைந்திருக்கும், மறுபடி கிளம்பினால் மறுபடி வரும். ராத்திரி 2 மணிக்கு யாராவது ஒருவர் முகம் ஞாபகம் வந்தால் உடனே மெசேஜ் அனுப்பியாக வேண்டும். 'நலமா?' என்று கேட்டால், அவர்கள் பயந்துபோய்த் திருப்பிக் கூப்பிடுகிறார்கள். தூக்கம் நாலு மணி நேரம் வந்தால் அதிகம். மகளுடைய பள்ளிச் சுற்றுலாவை, பஸ் கிளம்புகிற அன்று காலையில், 'எனக்குச் சமாதானம் இல்லை' என்று சொல்லி நிறுத்திவிட்டேன். பஸ் பத்திரமாகப் போய்த் திரும்பியது. அன்று இரவு அவள் கேட்டாள், "அம்மா, இது இயேசப்பா சொன்னாரா, இல்ல நீ பயந்தியா?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஒரு புதுப் பொறுப்பு கொடுக்கிறார்கள். கூடுதல் சம்பளம், எனக்குக் கீழே ஆறு பேர். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். முதலில் நாளாகமத்தின் வம்ச வரலாறு வந்தது. இரண்டாவது முறை, ஆபிராமைத் தேசத்தை விட்டுப் புறப்படச் சொல்லும் இடம். மூன்றாவது முறை 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்'. போவதா, அமர்ந்திருப்பதா?

போதகர் 'பயப்படாதேங்கம்மா, விசுவாசமா இருங்க' என்கிறார். ஒரு தோழி 'இது மனவியாதி, டாக்டரைப் பார்' என்கிறாள். நீங்களும் எல்லாமே மனப்பிரமை என்று சொல்லிவிட்டால், அம்மாவுக்கு நடந்ததும் பொய் என்று ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. உள்ளே வருகிற வழிநடத்துதலை நம்பலாமா, கூடாதா? நம்பலாம் என்றால் எதை?

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். அம்மாவுக்குப் போன் போட்டது பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அதற்கு அதிகாரமும் இல்லை. ஒரு எண்ணம் கர்த்தரிடமிருந்து வந்ததா, மூளையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்ததா என்று அளக்கும் கருவி உளவியலில் கிடையாது. நானும் விசுவாசிதான், அதனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டாக வேண்டும் என்று நினைப்பவளும் இல்லை. என்னால் சொல்ல முடிந்தது, ஒரு எண்ணம் வந்த பிறகு உங்கள் மனம் அதை என்ன செய்கிறது என்பது. உங்கள் கடிதத்தில் சிக்கல் இருப்பதும் அங்கேதான்.

அம்மா விஷயத்தில் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நான்கு வருடத்துக்கு முன்பும் பின்பும், 'அம்மாவுக்குப் போன் போடு' என்று எத்தனை தடவை தோன்றி, போட்டு, அம்மா நன்றாக இருந்து, வைத்திருப்பீர்கள்? வயதான தாயைத் தனியாக விட்டிருக்கும் எந்த மகளுக்கும் அது வாரத்துக்கு நாலு தடவை தோன்றும். அவை எதுவும் சாட்சி ஆகவில்லை, ஞாபகத்திலும் இல்லை. பலித்தது மட்டும் பளிச்சென்று நிற்கும். இதனால் அந்த ஒரு நாள் சாதாரணமாகிவிடாது, அதற்காக நன்றி சொல்லுங்கள், ஆயுசு முழுக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு நாளை வைத்து 'எனக்குள் வரும் ஒவ்வொரு எண்ணமும் அவசர அழைப்பு' என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டீர்கள் பாருங்கள், அதுதான் இடிக்கிறது.

நானும் இதில் ஒரு தடவை மண்ணைக் கவ்வியிருக்கிறேன். என் சித்தி மகளுக்கு வரன் பார்த்தபோது, அந்தப் பையனைப் பார்த்ததும் எனக்கு உள்ளே பலமாக 'வேண்டாம்' என்று வந்தது. சும்மா என் அபிப்பிராயமாகச் சொல்லியிருக்கலாம். 'ஆண்டவர் உணர்த்தினார்' என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, கல்யாணம் நடந்தது, 14 வருடமாக மிக நன்றாக வாழ்கிறார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் மரியாதையாக ஒரு புன்னகை, அவ்வளவோடு சரி. எனக்கு வந்த அந்த உணர்வு பலமாகத்தான் இருந்தது. பலமாக வந்தால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இப்போது உங்கள் தோழி. இதை மெதுவாகச் சொல்ல வேண்டும்.

அவள் இறந்ததற்கு நீங்கள் துக்கப்பட்டு முடிக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் அவளைப் பற்றி இரண்டு வரி, உங்கள் குற்றத்தைப் பற்றி ஒரு பக்கம். 41 வயதில் ஒருத்தி ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டாள் என்பதைத் தாங்குவது கஷ்டம். 'நான் போன் பண்ணாததால் போய்விட்டாள்' என்பது அதைவிடக் கொடுமையாகத் தெரிந்தாலும் மனதுக்கு அது ஒரு வகையில் சுலபம், ஏனென்றால் அதில் ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த முறை தவறவிடாமல் இருந்தால் யாரையும் இழக்க வேண்டியதில்லை என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நீங்கள் ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் அனுப்பி அனுப்பி அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இரவு பேசியிருந்தாலும் அவளுக்கு நெஞ்சு வலி இருந்திருக்குமா, இருந்தாலும் சொல்லியிருப்பாளா, சொன்னாலும் போயிருப்பாளா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மனுஷியின் உயிரை உங்கள் போனில் மிச்சமிருந்த 4 சதவீத சார்ஜில் தொங்கவிடுகிற தேவனை நீங்கள் வேதத்தில் எங்கே படித்தீர்கள்? யோனா, நினிவே பட்டணத்துக்குப் போய் எச்சரிக்கச் சொன்னால், நேர் எதிர்த் திசையில் கப்பல் ஏறி ஓடினவன். அவனுக்கே 'இரண்டாந்தரம்' வார்த்தை உண்டாயிற்று என்றுதான் மூன்றாம் அதிகாரம் ஆரம்பிக்கிறது. நினிவே அவன் ஓடினதால் அழியவில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வழியில் எண்ணம் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. வண்டியைத் திருப்புகிறீர்கள். அடுப்பு அணைந்திருக்கிறது. 'அப்பாடா.' அந்த 'அப்பாடா' இருக்கிறதே, அதற்கு நீங்கள் சமாதானம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். கீழ்ப்படிந்தேன், சமாதானம் வந்தது, ஆகவே சொன்னது ஆவியானவர்தான். இப்படித்தானே ஓடுகிறது? ஆனால் அது சமாதானம் இல்லை, வலி நின்றதால் வரும் நிம்மதி. செருப்பில் குத்திய கல்லை எடுத்தால் வருமே, அது. வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். தெருமுனை வரைக்கும்கூட நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவை திரும்பிப் போகும்போதும் மனம் ஒரு பாடம் படிக்கிறது, 'திரும்பிப் போனதால்தான் தப்பித்தோம்' என்று. அதனால் அடுத்த தடவை இன்னும் பலமாக அடிக்கிறது. இந்தச் சுழல் உளவியலுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்கிறோமே, ஓசிடி, அதில் பக்தியுள்ளவர்களைப் பிடிக்கும் ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் ஸ்க்ரூப்புலாசிட்டி என்பார்கள், அந்தப் பெயரே 'கூர்மையான சிறு கல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். செருப்புக்குள் கல்லைச் சும்மா சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் 'நான் நோயாளியா' என்று இடிந்துபோக வேண்டாம். ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களுக்கும் அழைக்காமல் வந்து நுழையும் விபரீத எண்ணங்கள் உண்டு, உள்ளடக்கத்தில் நோயாளிகளுடைய எண்ணங்களோடு அவை பெரிதும் ஒத்துப்போகின்றன என்று காட்டினார்கள். வேறுபடுவது, அந்த எண்ணத்துக்கு ஒருவர் கொடுக்கும் மரியாதையில். மற்றவர் 'என்ன கண்றாவி யோசனை' என்று நகர்ந்துவிடுவார். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறீர்கள், கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததால்.

பக்தர்களில் இது புதிதும் இல்லை. ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பனியன் 1666-ல் எழுதிய தன் வரலாற்றில், 'அவரை விற்றுவிடு, விற்றுவிடு' என்று கிறிஸ்துவைப் பற்றி ஓர் எண்ணம் தன்னை விடாமல் துரத்தியதைச் சொல்கிறார். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் 'எழுந்து போய் ஜெபி, இப்போதே, இந்த நிமிஷமே' என்று உள்ளே ஒன்று விரட்டும். ஜெபிக்கச் சொல்வது நல்ல காரியம்தானே? ஆனால் அவர் பின்னால் யோசித்து, அது பரிசுத்த வேஷம் போட்டுக்கொண்டு வந்த வேறொன்று என்று கண்டுகொண்டார். அவரை உஷார்ப்படுத்தியது அந்த 'இந்த நிமிஷமே'.

நான் உங்களுக்குக் கொடுக்க நினைப்பதும் அந்த ஓர் அடையாளத்தைத்தான். ஒரு எண்ணம் எவ்வளவு பலமாக வந்தது என்று பார்க்காதீர்கள். 'கொஞ்சம் இரு' என்று சொன்னால் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

கர்த்தர் சொன்னது உறுதியா என்று பார்க்க, கிதியோன் ஆட்டுத் தோலைப் போட்டு ஒரு தடவை அடையாளம் கேட்டான், அது போதாமல் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்டான். தேவன் கோபப்படவில்லை. சாமுவேல் கர்த்தர் கூப்பிட்டதை ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று தடவை தப்பான அறைக்கு ஓடினான், நாலாவது தடவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மரியாள் 'இது எப்படியாகும்' என்றாள். பேதுரு தரிசனத்தில் 'அப்படியல்ல, ஆண்டவரே' என்று முகத்துக்கு நேராகவே மறுத்தான், அதே தரிசனம் மூன்று தடவை வந்தது. சவுலிடம் போகச் சொன்னால் அனனியா, அவனைப் பற்றி ஆண்டவருக்கே தகவல் சொல்லப் பார்க்கிறான்! கேள்வி கேட்டதற்காக அங்கே யாரும் தொலைந்துபோகவில்லை. நீங்கள் வேதம் படிப்பவர், அதனால் 'பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னதை நம்பாத சகரியா ஊமையானாரே' என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனார். ஆனால் பிள்ளை பிறந்தது, பேச்சும் திரும்பியது. வாக்கு அவர் சந்தேகப்பட்டதால் கெட்டுப்போகவில்லை. உங்களுக்குள் விரட்டும் குரலோ, ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டால் யாரோ செத்துவிடுவார்கள் என்கிறது. ஆவிகளைச் சோதித்தறியுங்கள் என்று யோவானும், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுலும் எழுதியிருக்கிறார்கள். சோதிக்க நேரம் வேண்டும். நேரமே கொடுக்காத ஒன்றை எப்படிச் சோதிப்பது?

கண்ணெதிரே புகை வந்தால், ஒருவர் விழுந்தால், காத்திருக்காதீர்கள். அதற்கு வழிநடத்துதலே தேவையில்லை, கண் போதும்.

மற்றதற்கெல்லாம் இப்படிச் செய்து பாருங்கள். அடுப்பை வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை, கையை வைத்து, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் எண்ணம் வரும், வரட்டும், அதோடு வாதாடவும் வேண்டாம், அதைக் கடிந்து ஜெபிக்கவும் வேண்டாம் (கடிந்து ஜெபிப்பதும் கொஞ்ச நாளில் இன்னொரு அடுப்புப் பார்ப்பதாக மாறிவிடும்). 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். முதல் சில நாள் நரகமாக இருக்கும், மறைக்க விரும்பவில்லை. படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், திரும்பிப் போகாமலே இறங்கும். அது தானாக இறங்குவதை ஒரு தடவை உங்கள் உடம்பு பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ராத்திரி முகங்கள் ஞாபகம் வந்தால் படுத்தபடியே ஒரு வரி ஜெபம் போதும், போனைத் தொட வேண்டாம். காலையிலும் அந்த நபர் மனதில் இருந்தால், பகலில் கூப்பிடுங்கள், நல்ல விஷயம்தானே. ஆனால் 'கர்த்தர் உன்னிடம் பேசச் சொன்னார்' வேண்டாம். 'உன் ஞாபகம் வந்தது' என்று சொல்லுங்கள். அது உண்மை, யாரையும் பயமுறுத்தாது, பலிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே மாதிரி, மற்றவர்களுக்காக ஜெபித்துப் பதில் சொல்லும் வேலையைச் சில மாதம் நிறுத்திவையுங்கள். தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். உங்கள் சபை நிதானிக்கும் வேலையை விட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுமை உங்களுக்கு மட்டும் உரியதில்லை.

கணவரிடம் ஒரு உதவி கேளுங்கள். 'இது ஆண்டவர்தானா?' என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் ஆறுதலாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். இனி அவர் பதில் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

டாக்டரிடம் போகச் சொன்ன தோழி சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம், சொன்னது தப்பில்லை. இந்தச் சரிபார்ப்புகளும் கவலையும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கின்றன, தூக்கமும் வீடும் பாதிக்கப்படுகின்றன என்றால், நேரில் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்ப்பது அவசியம். கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. மேலே சொன்ன 'திரும்பிப் போகாமல் இருத்தல்' ஒரு முறையான சிகிச்சையின் சின்ன வடிவம், பழகியவர் துணையோடு செய்தால் சீக்கிரம் பலன் தெரியும். மருந்து கொடுத்தால் ஜெபம் அடைபட்டுப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரல் காதிலேயே கேட்க ஆரம்பித்தாலோ, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னாலோ, அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்று, எலியா அந்த 'அமர்ந்த மெல்லிய சத்தத்தை'க் கேட்டதை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதே அதிகாரத்தில், செத்துப்போகிறேன் என்று சொன்ன அவரைத் தேவதூதன் இரண்டு தடவை தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்லி, நடுவில் தூங்கவிட்டதைச் சொல்வது குறைவு. நாலு மணி நேரம் தூங்கும் மூளை எதைக் கேட்டாலும் நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்ப்பேன்.

வேலை. வேதத்தைக் கண்ணை மூடித் திறப்பதை நிறுத்துங்கள், சீட்டு எடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு சுவிசேஷத்தை எடுத்து வரிசையாகப் படியுங்கள். உள்ளுணர்வு எப்போது நம்பத் தக்கது என்பதைப் பற்றி உளவியலாளர்கள் கானமனும் கிளைனும் 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை மெச்சுகிறவர் ஒருவர், சந்தேகிக்கிறவர் ஒருவர். ஒழுங்குள்ள ஒரு துறையில், நாம் நினைத்தது சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிந்துகொண்டு பழகியிருந்தால் நம்பலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். உங்களுக்கு அது நன்றாகப் புரியும். ஒரு கணக்குப் பேரேட்டைப் புரட்டும்போது எங்கேயோ உதைக்கிறதே என்று தோன்றுமே, அதை நம்புங்கள், அது பல வருடப் பழக்கம் பேசுவது. ஒரு பஸ் விபத்துக்குள்ளாகுமா என்பதில் உங்களுக்கு அப்படி எந்தப் பழக்கமும் இல்லை.

'சமாதானம் இல்லை, அதனால் வேண்டாம்' என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டும் கொலோசெயர் 3:15-ஐப் படியுங்கள், தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்று சொல்லிவிட்டு, 'இதற்கென்றே நீங்கள் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள்' என்று தொடர்கிறது. ஒருவரையொருவர் தாங்கி மன்னித்து வாழ்வதைப் பற்றி அங்கே பேச்சு நடக்கிறது, உத்தியோக முடிவைப் பற்றி இல்லை. கெத்செமனேயில் ஆண்டவருக்கு வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகள் மாதிரி விழுந்தது. அந்த நிமிஷம் அவருக்கு நெஞ்சு லேசாக இருந்ததா? பிதாவின் சித்தத்தின் நட்ட நடுவில்தான் இருந்தார். ஆறு பேரை மேய்க்கும் பொறுப்பை நினைத்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆகவே இப்படிச் செய்யலாம். கணவரோடும், அந்த வேலையை அறிந்த ஒருவரோடும், உங்களிடம் எந்தத் தீர்க்கதரிசனமும் எதிர்பார்க்காத ஒரு விசுவாசியோடும் பேசுங்கள். நேரம், பணம், மகள், உடல்நிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எருசலேமில் கூடிய சபை எழுதிய கடிதத்தில் 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று ஒரு வரி வரும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு வந்த வரி அது, அந்த 'எங்களுக்கும்' எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 1521-ல் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து படுத்திருந்தபோது, வீர சாகசக் கனவுகள் காணும்போது இனித்தாலும் முடிந்ததும் மனம் வறண்டுபோவதையும், கிறிஸ்துவைப் பின்பற்றுவது பற்றிய கனவுகள் முடிந்த பின்னும் இனித்ததையும் கவனித்தார். அந்த மாதிரிப் பின்ருசியைப் பாருங்கள். இரண்டு நாள் 'ஏற்றுக்கொண்டேன்' என்று நினைத்து வாழுங்கள், இரண்டு நாள் 'மறுத்துவிட்டேன்' என்று. வரும் உடனடிப் படபடப்பை விட்டுவிட்டு, சாயங்காலம் மனதில் மிஞ்சுவதைக் குறியுங்கள். அப்புறம் முடிவெடுங்கள். எடுத்த முடிவை, மனம் இருண்டு கிடக்கும் ராத்திரியில் மாற்றாதீர்கள். இதுவும் இக்னேஷியஸ் சொன்னதுதான், அவரே இந்தக் கல் குத்தி மாதக்கணக்கில் அவதிப்பட்டவர். முடிவு தப்பாகவே போனாலும், உங்கள் தேவன் உங்களைக் கைவிட்டு வேறு ஆள் தேடிப் போய்விடமாட்டார். எனக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் படுகிறது. ஆனால் இது என் அபிப்பிராயம், ஆண்டவர் உணர்த்தவில்லை.

தோழியின் வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம், அவளைப் பற்றிப் பேசப் போங்கள். உங்களுக்கு அவளைப் பற்றித் தெரிந்த ஏதாவது ஒரு சிரிப்பான சம்பவம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

கடைசியாக மகள். அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் பதில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள், 11 வயதுப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். 'எனக்குச் சரியாத் தெரியல, பயந்துதான் இருப்பேன்னு நினைக்கிறேன், உன் டூரைக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்கோ' என்று சொல்லுங்கள். அவள் ஏதாவது திருப்பிச் சொல்லுவாள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், வேலை விஷயம் என்ன ஆயிற்று என்பதையும்.

அன்புடன்,
அக்கா